தெர்மோகோல் சுவருக்கு நான் வெட்கப்படவில்லை

திரையிடல் குழு நண்பர்களுக்கு,

அடுத்த மாதத்துக்கு நான் எழுதிக் கொடுத்த படத்தின் பெயரைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேர் முகம் சுளித்தீர்கள். மீதிப் பேர் கைதட்டினீர்கள். இரண்டு தரப்புக்கும் அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் கூட்டத்தில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் நான்கு பேர் குறுக்கே வருவது வழக்கம். அதனால் எழுதுகிறேன். குழுவில் இல்லாதவர்களும் படிக்கட்டும். நாலு பேர் முன்னால் பெயர் சொல்லக் கூசும் படம் ஒன்றாவது இல்லாத சினிமா ரசிகரை நான் இதுவரை பார்த்ததில்லை.

படம் 'கேலக்ஸி ஆஃப் டெரர்'. 1981-இல் வந்த அமெரிக்கப் படம். தயாரிப்பு ரோஜர் கோர்மன், இயக்கம் புரூஸ் டி. கிளார்க். ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' 1979-இல் வசூலை அள்ளியதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒன்றை மலிவாக எடுத்து விற்றுவிடலாம் என்று கிளம்பியவர்கள் அப்போது பலர். அந்த வரிசையில் வந்ததுதான் இதுவும். எடுத்தவர்கள் அதை மறைக்கவும் இல்லை.

முதலில் முகம் சுளித்தவர்களுக்கு. "பெர்க்மன் போட்ட திரையில் இதையா போடுவது?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஐயா, பெர்க்மனின் 'க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்' படத்தை அமெரிக்காவில் வெளியிட்டது யார் தெரியுமா? கோர்மனின் நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ்தான். ஃபெலினியின் 'அமர்கார்ட்'டை அங்கே வெளியிட்டதும் அவர்கள்தான். அதே கம்பெனி, அதே கல்லாப்பெட்டி. கொப்போலா, ஸ்கோர்செஸி, ஜொனாதன் டெம்மி, ரான் ஹவார்ட் என்று கோர்மனிடம் தொழில் பழகியவர்களின் பட்டியலை நம் குழுவில் ஏற்கெனவே ஆயிரம் முறை ஒப்பித்தாகிவிட்டது, மறுபடி வேண்டாம். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: வாருங்கள், பாருங்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம்.

கைதட்டியவர்களிடம்தான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது. "போடுங்க சார், வயிறு வலிக்கச் சிரிக்கலாம்" என்று ஒரு தம்பி சொன்னார். சிரிக்கலாம்தான். எனக்கும் சிரிப்பு வருகிற இடங்கள் இருக்கின்றன. எந்த இடத்தில் சிரிக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு கிரகத்தை ஒருவர் ஆள்கிறார். அவருக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வெளிச்சம் மட்டும் தெரியும். மார்கந்தஸ் என்ற வேறொரு கிரகத்தில் விழுந்துபோன கலத்தைத் தேடி 'குவெஸ்ட்' என்ற விண்கலத்தை அனுப்புகிறார். போய் இறங்கினால் அங்கே வானத்தை முட்டும் பிரமிடு ஒன்று நிற்கிறது. உள்ளே போகிறவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். யார் எதற்கு அஞ்சுகிறாரோ அதுவே உருவெடுத்து வந்து அவரைத் தீர்த்துக்கட்டுகிறது. முடிவையும் சொல்லிவிடலாம், நாற்பது வருஷம் தாண்டிய படத்துக்கு ரகசியம் காப்பது அதிகப்படி. கூடவே சமையல்காரராக வந்த கிழவர்தான் அந்தச் சிவப்புத் தலைக்காரர். பிரமிடு, எப்போதோ அழிந்துபோன ஓர் இனம் தன் பிள்ளைகளுக்காகச் செய்துவைத்த விளையாட்டுச் சாமான். பயத்தை அடக்கிப் பழகுவதற்கான சாமான்.

இந்தக் கடைசிச் செய்தியைப் படம் சில வார்த்தைகளில் சொல்லிவிட்டு அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கேதான் வருத்தம். மனதில் இருப்பது வெளியே வந்து கொல்லும் என்பது 1956-இல் 'ஃபர்பிடன் பிளானட்' ஏற்கெனவே எடுத்துக்கொண்ட விஷயம். ஆனால் பிள்ளைகள் விளையாடிப் பழகும் ஒரு பொருளுக்குள் ஆயுதம் தாங்கிய பெரியவர்கள் நுழைந்து, விளையாடத் தெரியாமல் செத்துப்போகிறார்கள் என்பது இந்தப் படத்துக்கே உரிய கற்பனை. நல்ல எழுத்தாளர் கையில் கிடைத்திருந்தால் ஒரு அருமையான சிறுகதை ஆகியிருக்கும். இவர்களுக்கு அது கிடைத்ததும் தெரியவில்லை, கைவிட்டுப் போனதும் தெரியவில்லை.

இனி சுவருக்கு வருகிறேன். விண்கலத்தின் நடைபாதைக் காட்சி வரும்போது நடிகர்களை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புடைத்த கட்டங்கள், ஓரங்களில் மட்டும் மினுக்கும் வெளிச்சம், நடுநடுவே புகை. ஏதோ கனமான இயந்திரத்தின் வயிற்றுக்குள் நடக்கிற மாதிரி இருக்கும். அந்தக் கட்டங்கள் மெக்டொனால்ட்ஸ் கடையில் பர்கர் வைத்துக் கொடுத்த தெர்மோகோல் டப்பாக்கள். அவற்றைச் சுவர் நெடுக ஒட்டி மேலே ஸ்ப்ரே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இதெல்லாம் நடந்த இடம் லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் பகுதியில் இருந்த ஒரு பழைய மரவாடி. கோர்மன் அதைத்தான் ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார். ஒன்பது வருஷம் கழித்து, 1990-இல், மெக்டொனால்ட்ஸ் அந்த டப்பாவை அமெரிக்காவில் கைவிட்டுக் காகிதத்துக்கு மாறிவிட்டது. அதற்குப் பிறகு விண்கலம் கட்ட நினைத்தவர்கள் என்ன செய்தார்களோ.

டப்பா விஷயம் தெரிந்ததும் படம் கேலிப்பொருள் ஆகிவிடும் என்று நினைப்பீர்கள். எனக்கு நேர்மாறாக நடந்தது. கட்டைக்கூத்தில் துரியோதனன் தலையில் இருப்பது கண்ணாடிச் சில்லு பதித்த மரம் என்று நமக்குத் தெரியும். தெரிந்தேதான் அவன் முன்னால் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறோம். கண் டப்பாவையும் பார்க்கிறது, உலோகத்தையும் பார்க்கிறது. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தால் படத்துக்குள் இன்னொரு படம் ஓடுவது தெரியும். விளக்கைச் சுவருக்கு நேரே வைக்காமல் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் வைத்திருக்கிறார்கள். கட்டத்தின் குழி இருட்டாகிவிடுகிறது, விளிம்பு மட்டும் ஒளிர்கிறது. கேமரா எந்தச் சுவரையும் நேருக்கு நேர் வெறித்துப் பார்ப்பதில்லை. யாராவது குறுக்கே நடக்கிறார்கள், அல்லது புகை வந்து மூடுகிறது. தெர்மோகோல் இரும்பாவது பெயின்ட்டால் அல்ல. அந்த விளக்கு வைத்த கோணத்தால்.

அந்தச் சுவரை வடிவமைத்த ஆளுக்கு அப்போது வயது 26. முன்னால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். கோர்மனின் 'பேட்டில் பியாண்ட் தி ஸ்டார்ஸ்' படத்துக்கு விண்கல மாடல் செய்ய வந்து, அதிலேயே ஆர்ட் டைரக்டர் ஆகி, இந்தப் படத்தில் ராபர்ட் ஸ்கோடக் என்பவரோடு சேர்ந்து தயாரிப்பு வடிவமைப்பையும், கூடவே இரண்டாம் யூனிட் இயக்கத்தையும் பார்த்தார். பெயர் ஜேம்ஸ் கேமரூன். செட்டுக்குள் சாமான் அடுக்கி அலங்கரிக்கும் வேலையில் பில் பாக்ஸ்டன் என்ற இளைஞர் இருந்தார். 1986-இல் கேமரூன் 'ஏலியன்ஸ்' எடுத்தபோது அதில் புலம்பித் தள்ளும் அந்தச் சிப்பாய் அவர்தான். அதே 'ஏலியன்ஸ்' படத்தின் காட்சி ஜாலத்துக்குக் கிடைத்த ஆஸ்கரில் ஸ்கோடக்குக்கும் பங்கு உண்டு. 'ஏலியன்'ஐக் காப்பியடிக்கப் போன இடத்தில் தயாரான ஆட்கள், ஐந்து வருஷத்தில் 'ஏலியன்'இன் இரண்டாம் பாகத்தையே கையில் வாங்கிவிட்டார்கள். அந்தப் படத்தின் நடைபாதைகளைப் பார்த்துவிட்டு வந்து இதைப் பாருங்கள். காசு மட்டும்தான் வேறு.

புழுக்கதையை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன், கேமரூனே பேட்டிகளில் சொன்னதுதான். வெட்டுப்பட்ட கை ஒன்று தரையில் கிடக்கிறது. அதில் புழுக்கள் நெளிய வேண்டும். இரண்டாம் யூனிட்டுக்குக் கொடுத்த சில்லறை வேலை. பொம்மைக் கையைக் கிடத்தி, உயிருள்ள புழுக்களை அள்ளிக் கொட்டினார்கள். புழுக்கள் அப்படியே கிடந்தன. அசைவே இல்லை. கேமரூன் கைக்கு அடியில் மின்கம்பியை ஓட்டி, செட்டுக்குப் பின்னால் ஒரு ஆளைப் பிளக்கோடு உட்காரவைத்தார். தான் 'ஆக்‌ஷன்' சொன்னதும் செருக வேண்டும், 'கட்' சொன்னதும் பிடுங்க வேண்டும். அந்த நேரம் பார்த்து இரண்டு தயாரிப்பாளர்கள் வேடிக்கை பார்க்க வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. 'ஆக்‌ஷன்' என்றார்; புழுக்கள் துடிதுடித்து நெளிந்தன. 'கட்' என்றார், நின்றுவிட்டன. புழுவையே நடிக்க வைக்கிறவர் மனிதர்களை வைத்து என்னதான் செய்யமாட்டார் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். 'பிரானா 2' படத்தை இயக்கும் வாய்ப்பு அதற்குப் பிறகு வந்தது. (புழுக்களின் தரப்பை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.) அந்தப் படத்திலிருந்து அவரைச் சீக்கிரமே ஓரங்கட்டினார்கள். அந்த மனக்கசப்போடு ரோமில் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது, நெருப்புக்குள்ளிருந்து ஓர் உலோக எலும்புக்கூடு வெளியே வருவதாகக் கனவு கண்டார். 1984-இல் 'டெர்மினேட்டர்'.

இதைச் சொன்னதும் வறுமைதான் கலையை வளர்க்கும் என்று யாராவது ஆரம்பித்துவிடாதீர்கள். கோர்மன் கொடுத்த சம்பளத்தைப் பற்றி அவரிடம் வேலை பார்த்தவர்கள் புலம்பியதைச் சேர்த்தால் தனிப் புராணமே ஆகும். நல்ல கூலியும் போதிய தூக்கமும் கொடுத்திருந்தாலும் கேமரூன் கேமரூனாகத்தான் இருந்திருப்பார் என்பது என் கணிப்பு. கோர்மனிடம் கிடைத்தது வேறு. 26 வயதுப் பையன் ஒருவனிடம் முழு செட்டையும் ஒப்படைத்துவிட்டுப் போகிற தைரியம். பெரிய ஸ்டுடியோ எதுவும் அந்த வயதில் அவரை உள்ளே விட்டிருக்காது.

நடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஹீரோ எட்வர்ட் ஆல்பர்ட் கடமைக்கு வந்துபோகிறார். கேப்டனாக வரும் கிரேஸ் ஸப்ரிஸ்கி, வேறு ஏதோ நல்ல படத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். பின்னாளில் 'ட்வின் பீக்ஸ்' தொடரில் மகளை இழந்த தாயாக அலறியவர் அவர். சமையல்காரராக வரும் ரே வால்ஸ்டன் அறுபதுகளின் தொலைக்காட்சியில் செவ்வாய்க்கிரகவாசியாக நடித்துப் பெயர் வாங்கியவர். ராபர்ட் எங்லண்ட் இதில் தன்னைப் போலவே இருக்கும் இன்னொருவனிடம் அடி வாங்குகிறார். பயத்தை உதறியதும் அந்த ஆள் மறைந்துபோகிறான். மூன்று வருஷம் கழித்து அதே எங்லண்ட் ஃப்ரெடி க்ரூகராகி, பிள்ளைகளின் கனவுக்குள் புகுந்து அவர்கள் பயத்தைத் தின்று கொழுத்தார்.

ஒருவரை மட்டும் நின்று பார்க்க வேண்டும். சிட் ஹெய்க். வாட்டசாட்டமான உடம்பு, பளிங்குக் கத்திகளை ஆயுதமாக ஏந்திய வீரன் வேடம். வசனத்தைப் படித்துப் பார்த்தார். சகிக்கவில்லை. நேரே கோர்மனிடம் போய், இந்தப் பாத்திரத்தை ஊமையாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கோர்மனும் சரியென்றார். படம் முழுக்க ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறார். அதன் பலன், பேசுகிற அத்தனை பேரையும்விட இந்தப் பேசாத ஆளிடம்தான் ஒரு மனிதன் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அவர் நம்பிய பளிங்கு உடைந்து ஒரு சில்லு அவர் கைக்குள்ளேயே ஏறுகிறது. தோலுக்கு அடியில் அது ஊர்ந்து மேலே போவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் அலறல் இல்லை. நம்பியது நம்மைக் கைவிடும்போது வரும் திகைப்பு மட்டும். கையையே வெட்டிப் போடுகிறார். வெட்டிய கை அந்தப் பளிங்கை எடுத்து அவர் மேலேயே எறிகிறது. இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

சங்கடம் அடுத்து வருகிறது. புழு நெளிந்த அதே கை. அதைப் பார்க்கும் தொழில்நுட்ப அதிகாரிப் பெண்ணாக டாஃபி ஓ'கானல். ஒரு புழு பூதாகாரமாக வளர்ந்து அவள் மேல் பாய்கிறது. பாலியல் வன்கொடுமை செய்கிறது. அதோடு நிற்கவில்லை. அவள் பயம் மெல்ல இன்பமாக மாறுவது போல் காட்டி, பிறகு சாகடிக்கிறார்கள். இயக்குநர் எடுக்கத் தயங்கியதால் கோர்மனே நின்று இந்தக் காட்சியை எடுத்தார் என்று படக்குழுவினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். முதலில் 'எக்ஸ்' சான்றிதழ் கொடுத்த தணிக்கைக்காரர்கள், சில நொடிகளை வெட்டிய பிறகு 'ஆர்' கொடுத்தார்கள். படம் பிழைத்துக்கொண்டதே இந்தக் காட்சியின் கெட்ட பெயரால்தான். இன்றும் இந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் பேச்சு அங்கேதான் போகிறது, அதுவும் ஒரு இளிப்போடு.

ஏதோ ஒரு முறை கை தவறி நடந்தது என்று விட முடியாது. அதற்கு முந்தைய வருஷம், 1980-இல், இதே கம்பெனி 'ஹ்யூமனாய்ட்ஸ் ஃப்ரம் தி டீப்' எடுத்தது. கடலிலிருந்து வரும் மிருகங்கள் பெண்களை வன்கொடுமை செய்யும் கதை. இயக்குநர் பார்பரா பீட்டர்ஸ் ஒரு பெண். அவர் எடுத்துக் கொடுத்தது போதாதென்று, அந்தக் காட்சிகளை வேறொருவரை வைத்து அவருக்குத் தெரியாமல் எடுத்துச் சேர்த்தார்கள். தன் பெயரை எடுத்துவிடும்படி அவர் கேட்டார், எடுக்கவில்லை. தொழிலில் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் கோர்மன் என்பதும் உண்மை. அவருடைய உதவியாளராக ஆரம்பித்த கேல் ஆன் ஹெர்ட்தான் பிறகு 'டெர்மினேட்டர்', 'ஏலியன்ஸ்' இரண்டையும் தயாரித்தார். அலுவலகத்தில் பெண்ணை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கிற அதே ஆள், திரையில் பெண்ணுடம்பை டிக்கெட் விற்கும் சரக்காகப் பார்த்தார். 2009-இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். 2024-இல் 98 வயதில் காலமானார். இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே ஆள்தான் அவர்.

தம்பிகளே, தங்கைகளே, என் வழக்கு இதுதான். மலிவான செட்டுக்காக, மலிவான புழுவுக்காக, சிவப்பு பல்பு போட்ட தலைக்காக இந்தப் படத்தைப் பிடிக்கும் என்று சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை. காசில்லாத குறையை அந்த ஆட்கள் உழைப்பால் ஈடுகட்டியது ஃபிரேமுக்கு ஃபிரேம் தெரிகிறது. அந்தப் பெண் சாகும் காட்சிக்குக் காசு ஒரு குறையே அல்ல. எத்தனை கோடி கொட்டி எடுத்திருந்தாலும் அது அதே காட்சிதான். ஆனால் இந்தப் படம் ஓடும் கூட்டங்களில் நான் கண்டது, டப்பாச் சுவருக்கு ஒரு சிரிப்பு என்றால் புழுக் காட்சிக்கு விசிலோடு பத்து மடங்கு சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் செல்பேசியை எடுத்துக் குனிந்துகொள்வார்கள். அந்தக் குனிதலைக் கவனித்த பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை.

"அப்படியானால் அந்தக் காட்சியை வெட்டிவிட்டுப் போடலாமே?" என்பீர்கள். வேண்டாம். வெட்டினால் கோர்மனுக்கு நாம் நல்ல பிள்ளைச் சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அது படத்தில் இருக்கிறது; எதற்காக இருக்கிறது என்பதும் தெரிந்த கதை. என்ன வரப்போகிறது என்று திரையிடலுக்கு முன்பே பளிச்சென்று சொல்லிவிடுவோம். அறிவிப்புச் சீட்டிலும் அச்சிடுவோம். அந்த நேரம் வெளியே போக நினைப்பவர்கள் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் போய் வரட்டும். கதவருகே ஒரு ஆள் நின்று, காட்சி முடிந்ததும் கூப்பிடுவார். நானே நிற்கிறேன், எனக்கு அதை மறுபடி பார்க்கும் ஆசை இல்லை. உள்ளே இருப்பவர்கள் விசிலடிக்காமல் பாருங்கள். படம் முடிந்த பிறகு நடக்கும் உரையாடலை, நம் வழக்கப்படி நானோ மூத்தவர்களோ ஆரம்பிக்காமல், குழுவில் இருக்கும் பெண்களில் யாராவது ஆரம்பித்துவைக்கட்டும். அவர்கள் விருப்பப்பட்டால் மட்டும்.

இன்னொரு வேண்டுகோள். படம் முடிந்ததும் புரொஜெக்டரை அணைத்துவிடாதீர்கள். 1982-இல் வந்த 'ஃபர்பிடன் வேர்ல்ட்' என்ற படத்தின் ஆரம்பக் காட்சியை மட்டும் போட வேண்டும். 'கேலக்ஸி ஆஃப் டெரர்' செட்டைப் பிரிப்பதற்குள் அதில் ஏதாவது எடுத்துவிடு என்று கோர்மன் சொன்னதால், ஆலன் ஹோல்ஸ்மன் அவசரமாக எடுத்த காட்சி அது. கலத்துக்கு வெளியே நடக்கும் விண்வெளிச் சண்டை, 'பேட்டில் பியாண்ட் தி ஸ்டார்ஸ்' படத்திலிருந்து வெட்டி எடுத்து ஒட்டியது. கலத்துக்கு உள்ளே வரும் இடம் நமக்குக் கொஞ்ச நேரம் முன்னால் பழகிய இடம். பர்கர் டப்பாவை முதலில் கண்டுபிடித்துக் குரல் கொடுக்கிறவருக்கு அன்றைய ராச்சாப்பாடு என் செலவு.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருவன்